கழுத்து நீளும் கோது: ஒரு பித்தளைக் குழாயின் வரலாறு

1983ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. காடு எரிவதும் புல் எரிவதும் அந்தப் பக்கத்தில் புதினமில்லை. ஆனால் இது லிட்டில் பிக்ஹோர்ன் போர்க்களம். 1876 ஜூன் 25ஆம் திகதி கஸ்டர் என்ற அமெரிக்கத் தளபதியும் அவரோடு நேரடியாகச் சென்ற 200க்கும் மேற்பட்ட குதிரைப்படையினரும் லகோட்டா, வட ஷையென், அரபாஹோ மக்களின் கையில் ஒருவர் மிஞ்சாமல் இறந்த இடம். புல் எரிந்து முடிந்ததும் நிலம் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த ஆண்டு டக்ளஸ் ஸ்கொட், ரிச்சர்ட் பொக்ஸ் என்ற இரண்டு தொல்லியலாளர்களின் தலைமையில் ஒரு குழு உலோகம் தேடும் கருவிகளோடு அங்கே இறங்கியது.

அவர்கள் அதிகம் தேடியது வாளையோ கொடியையோ அல்ல. சுட்டு முடிந்து கீழே விழுந்த வெற்றுக் கோதுகளை.

வரலாற்றில் பெரிய பெயர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. இந்தக் கட்டுரையில் நான் அந்தக் கோதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அது எப்படி வந்தது, ஏன் மனிதர்கள் அதைப் பொறுக்கித் திரும்பத் திரும்பப் பாவிக்கத் தொடங்கினார்கள், பாவிக்கப் பாவிக்க அதன் கழுத்து ஏன் நீளுகிறது, அதை எப்போது வெட்ட வேண்டும் என்று எப்படிக் கண்டுகொண்டார்கள் என்பதெல்லாம் கேட்கச் சின்ன விஷயங்கள். இந்தச் சின்ன விஷயங்களால் படைகள் தடுமாறியிருக்கின்றன. ஒரு மக்கள் கூட்டம் நூறு ஆண்டுக்கு மேல் சொல்லிவந்த சாட்சியத்தை உலகம் நம்பத் தொடங்கியதிலும் இந்தக் கோதுக்குப் பங்கு உண்டு.

முதலில் சொற்கள்

கச்சான் கோது, முட்டைக் கோது, புளியங்கோது என்று வீட்டில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உள்ளே இருப்பதை எடுத்த பிறகு மிஞ்சுவது கோது. துவக்குக்கும் எங்கள் ஆட்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு தோட்டாவில் நான்கு பொருட்கள் இருக்கின்றன. பறந்து போவது சன்னம். அதைத் தள்ளுவது மருந்து. மருந்துக்கு நெருப்பு வைப்பது பின்புறத்தில் இருக்கும் சின்ன மூடி போன்ற பிரைமர். இந்த மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது கோது. ரைபிள் கோது ஒரு சின்னப் போத்தல் மாதிரி இருக்கும். அடி, உடம்பு, தோள், கழுத்து என்று அதன் பாகங்களுக்கும் மனித உடம்பின் பெயர்கள்தான். சன்னம் உட்கார்ந்திருப்பது கழுத்தில்.

சன்னம் போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமரும் ஒரு தடவைதான். கோது மட்டும் மிஞ்சும். தோட்டாவில் விலை கூடிய பகுதியும் பொதுவாக அதுதான்.

காகிதத்திலிருந்து பித்தளைக்கு

கோது எப்போதும் உலோகமாக இருக்கவில்லை. 1850களில் தோட்டா என்றால் காகிதச் சுருள். உள்ளே மருந்தும் சன்னமும் இருக்கும். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழல் வாயில் கொட்டி, பிறகு சன்னத்தைக் குத்தி இறக்க வேண்டும். ஈரம் பிடிக்காமலும் சன்னம் வழுக்கிப் போகவும் காகிதத்தில் கொழுப்புப் பூசியிருந்தார்கள். 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்ட் ரைபிள் இந்தியாவுக்கு வந்தபோது, அந்தக் கொழுப்பு மாட்டுடையதும் பன்றியுடையதும் என்ற பேச்சு கல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள டம்டம்மில் கிளம்பியது. இந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் ஒரே நேரத்தில் வாய் கூசியது. 1857 கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல இருந்தன: பறித்த நிலங்கள், பறித்த அரசுகள், சம்பளம், அவமானம். ஆனால் திரியில் பட்ட பொறி ஒரு காகிதத் தோட்டா.

அதற்குப் பிறகு பிரித்தானியர் இந்தியப் படையினருக்குத் தங்களுடையதைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதத்தையே கொடுக்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். அதே காலத்தில் உலகமெங்கும் காகிதத்தை விட்டு உலோகத்துக்கு மாறத் தொடங்கினார்கள்.

1866இல் பிரித்தானியா பழைய என்பீல்ட் துவக்குகளின் பின்பக்கத்தை வெட்டித் திறந்து, பின்னாலிருந்து தோட்டா போடும்படி மாற்றியது. அந்தத் துவக்குக்கு ஸ்னைடர் என்று பெயர். அதற்குத் தோட்டா செய்தவர் வூலிச் ஆயுதச்சாலையில் இருந்த எட்வர்ட் பொக்ஸர் என்ற அதிகாரி. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி அவர் கோது செய்தார். மலிவானது, ஆனால் பலமில்லாதது. 1885இல் சூடானில் அபு கிளியா என்ற இடத்தில் நடந்த சண்டையில் இதே மாதிரிச் சுருட்டிய கோதுகள் சூட்டிலும் மணலிலும் துவக்குக்குள் இறுகிக்கொண்டன. இழுத்தால் அடி மட்டும் கழன்று வந்தது, உடம்பு உள்ளேயே நின்றது. கையில் துவக்கு இருந்தும் சுட முடியாமல் நின்றார்கள்.

அமெரிக்கரின் கதையும் இதேதான். லிட்டில் பிக்ஹோர்னில் கஸ்டரின் ஆட்களிடம் இருந்தது செம்புக் கோது. செம்பு மெதுவானது. சுட்டதும் விரிந்து துவக்கின் அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், திரும்பிச் சுருங்காது. தோல்விக்குப் பிறகு இந்தக் கோதுகள்மேல் நிறையப் பழி விழுந்தது.

தீர்வு பித்தளையை ஒரே துண்டாக இழுத்துச் செய்வது. 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளை. தட்டையான வட்டத் துண்டை ஒரு கிண்ணமாக அழுத்தி, அந்தக் கிண்ணத்தைப் படிப்படியாக இழுத்து நீட்டுவார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் இடையில் சூடாக்கி இளக வைப்பார்கள். இப்படிச் செய்த கோதுக்கு ஒரு அருமையான குணம் இருந்தது. சுடும் கணத்தில் அது விரிந்து அறைச் சுவரை அடைத்துக்கொள்ளும், வாயு பின்னால் கசியாது. அழுத்தம் குறைந்ததும் ஒரு மயிரிழை சுருங்கும், அதனால் சுலபமாக வெளியே வரும்.

இரண்டு பெயர்கள் கடல் தாண்டிய கதை

கோது முழுசாக வெளியே வருகிறது, நன்றாகவும் இருக்கிறது. அப்படியென்றால் ஏன் எறிவான்? திரும்ப நிரப்பினால் என்ன?

அதற்கு முதலில் பழைய பிரைமரைக் கழற்ற வேண்டும். இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு வரலாற்று வேடிக்கை இருக்கிறது. 1866ஐ ஒட்டி இரண்டு பேர் இரண்டு வகைப் பிரைமர் கண்டுபிடித்தார்கள். ஒருவர் நாங்கள் மேலே பார்த்த பிரித்தானியர் பொக்ஸர். மற்றவர் ஹிரம் பேர்டன், அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிசூட்டுப் படை நடத்தியவர்.

பிரைமருக்குள் இருக்கும் மருந்தை ஊசி வந்து நசுக்க வேண்டும். நசுக்குவதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு பட்டடை வேண்டும். பொக்ஸர் அந்தப் பட்டடையைப் பிரைமருக்குள்ளேயே வைத்தார். அதனால் கோதின் அடியில் நடுவில் ஒரேயொரு துளை போதும். பேர்டன் பட்டடையைக் கோதின் அடியிலேயே வார்த்தார். அதன் இரண்டு பக்கமும் இரண்டு சின்னத் துளைகள்.

பித்தளையை மிச்சம் பிடிக்கப் பேர்டன் முறை நல்லது, பெருந்தொகையாகச் செய்யவும் சுலபம். ஆனால் பொக்ஸர் கோதில் கழுத்து வழியாக ஒரு கம்பியை விட்டு ஒரு தட்டுத் தட்டினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். பேர்டன் கோதில் நடுவில் பட்டடை நிற்பதால் கம்பி போகாது.

கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்கரான பேர்டனின் முறை ஐரோப்பாவில் பரவியது. பிரித்தானியரான பொக்ஸரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. வட அமெரிக்காவில் வீட்டுக் கராஜில் இருந்து தோட்டா நிரப்பும் பழக்கம் இவ்வளவு வேரூன்றியதற்கு அந்த ஒற்றைத் துளை ஒரு முக்கியமான காரணம்.

சமவெளியில் எரிந்த நெருப்பு

நிரப்பும் பழக்கத்துக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும்.

1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமைத் தோலுக்குப் பெரிய சந்தை உருவானது. வேட்டைக்காரர்கள் ஷார்ப்ஸ் போன்ற கனத்த ரைபிள்களோடு கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். கடையில் தோட்டா வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆகவே ஈயத்தையும் மருந்தையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு, பகலில் சுட்ட கோதுகளை இரவில் நெருப்பருகே இருந்து நிரப்பினார்கள். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் சன்னம் வார்த்தார்கள். ஒரே கோது பல எருமைகளைக் கொன்றது.

கோடிக்கணக்கில் இருந்த இனம் அது. 1889இல் வில்லியம் ஹோர்னடே என்பவர் கணக்கெடுத்தபோது வட அமெரிக்கா முழுவதும் மிஞ்சியிருந்தது சுமார் 1,000 மட்டுமே. லகோட்டா, ஷையென் மக்களுக்கு அந்த எருமைதான் உணவு, உடை, கூடாரம், வழிபாடு எல்லாம். அது அழிந்ததும் அவர்கள் ஒதுக்கிடங்களுக்குள் அடைபட்டார்கள். மலிவாகத் திரும்பத் திரும்பச் சுட முடிந்தது இந்த அழிவை வேகப்படுத்தியது. ஒரு தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதும்போது அது யாருக்குப் பயன்பட்டது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

1884இல் ஜோன் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஐடியல் என்ற கொம்பனியைத் தொடங்கினார். குறடு மாதிரி ஒரு கைக்கருவி அவருடைய பெயர்பெற்ற பொருள். பழைய பிரைமரைத் தள்ளுவது, புதியதைப் போடுவது, கழுத்தை இறுக்குவது, சன்னத்தை இருத்துவது எல்லாம் அதிலேயே. அந்தக் கொம்பனி 1925இல் லைமன் கைக்குப் போனது. 1958இல் விஸ்கொன்சினில் ரிச்சர்ட் லீ என்பவர் இன்னும் மலிவான ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதோடு தேவையானது ஒரு சுத்தியல் மட்டும்.

இந்த இரண்டு கருவிகளுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டும் கோதின் கழுத்தை மட்டும்தான் இறுக்கும். உடம்பைத் தொடாது.

கழுத்து ஏன் நீளுகிறது?

சுட்ட கோது அந்தத் துவக்கின் அறை அளவுக்கு விரிந்திருக்கும். கழுத்தும் விரிந்திருக்கும், சன்னத்தைப் பிடிக்காது. ஆகவே நிரப்புவதற்கு முன் கோதைத் திரும்பச் சிறிதாக்க வேண்டும். இதற்கு இரண்டு வழி.

ஒன்று, முழுக் கோதையும் ஒரு இறுகிய எஃகு அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. மற்றது, கழுத்தை மட்டும் இறுக்குவது. இரண்டாவதில் கோதின் உடம்பு அந்தத் துவக்கின் அறைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அப்படியே இருக்கும். அதே துவக்கில் போடும்போது ஆடாமல் அசையாமல் இருக்கும். பித்தளையும் குறைவாக வேலை செய்வதால் அதிக நாள் உழைக்கும். குறி சுடும் போட்டிக்காரர்கள் பலர் நெடுங்காலம் இந்த வழியில் போனதற்குக் காரணம் இதுதான்.

முழு அச்சுக்குள் தள்ளும்போது உடம்பு நசுங்குகிறது. நசுங்கிய பித்தளை எங்கே போகும்? புட்டு அவிக்கும் குழலைத் தள்ளினால் புட்டு எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம்தான். முன்னால், கழுத்தை நோக்கி. அதனால் கோது நீளுகிறது.

கழுத்தை மட்டும் இறுக்கினால் நீளாதா? நீளும். ஆனால் மெதுவாக. சுடும்போது ஏற்படும் அழுத்தமே ஒவ்வொரு தடவையும் பித்தளையைக் கொஞ்சம் முன்னால் ஓட்டுகிறது. அச்சின் நடுவில் கழுத்தின் உட்புறத்தைச் சீராக்கும் ஒரு குமிழ் இருக்கும், அதை வெளியே இழுக்கும்போதும் கழுத்து கொஞ்சம் இழுபடும். இரண்டும் சேர்ந்து மயிரிழை மயிரிழையாகக் கூடும்.

அப்படியென்றால் எப்போது வெட்டுவது? இத்தனை தடவை சுட்டால் ஒருக்கால் வெட்டு என்று எண்ணிக்கை வைத்துச் சொல்லும் பதில் சரிவராது. ஒவ்வொரு துவக்கின் அறையும் வேறு, ஒவ்வொரு பித்தளையும் வேறு. அளந்துதான் பார்க்க வேண்டும். அதுவும் கழுத்தை இறுக்கிய பிறகு அளக்க வேண்டும், முன்னால் அல்ல. இறுக்குவதே நீளத்தை மாற்றிவிடும் என்பதால் முன்னால் எடுத்த அளவு பொய் சொல்லும்.

ஒவ்வொரு வகைத் தோட்டாவுக்கும் கோது இதற்கு மேல் நீளக் கூடாது என்று ஒரு உச்ச அளவு கைநூல்களில் அச்சாகியிருக்கும். .308 வின்செஸ்டர் என்ற பெயர்போன வகைக்கு அது 2.015 அங்குலம், அதாவது 51.18 மில்லிமீற்றர். அதைத் தாண்டினால் வெட்ட வேண்டும். வெட்டும்போது 2.005 அங்குலத்துக்குக் கொண்டுவருவார்கள். வித்தியாசம் கால் மில்லிமீற்றர்தான். அந்தக் கால் மில்லிமீற்றர் இடைவெளியில் கோது இன்னும் சில தடவை வளரலாம். வெட்டிய பிறகு வாயின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் வழித்துச் சீராக்குவார்கள், இல்லாவிட்டால் சன்னம் கீறுப்படும்.

இந்தக் கால் மில்லிமீற்றருக்கு ஏன் இவ்வளவு கவலை? துவக்கின் அறை ஓரிடத்தில் முடிந்து குழல் தொடங்குகிறது. அந்த இடத்தில் அறை ஒடுங்கும். கோது அதையும் தாண்டி நீண்டால், துவக்கைப் பூட்டும்போது கழுத்தின் வாய் அந்த ஒடுக்கத்துக்குள் நெரிபட்டுச் சன்னத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுடும்போது கழுத்து விரிந்து சன்னத்தை விட வேண்டும். விரிய இடமில்லை. அழுத்தம் எகிறும். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கிற விஷயம் இது.

கழுத்தை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் இன்னொன்றும் வரும். சில தடவைக்குப் பிறகு உடம்பும் தோளும் விரிந்து விரிந்து, துவக்கைப் பூட்டவே கடினமாகிவிடும். அப்போது முழு அச்சுக்குள் ஒருக்கால் தள்ளத்தான் வேண்டும். அத்தனை நாளும் மெதுவாக வளர்ந்த கோது அந்த ஒரு தடவையில் சட்டென்று நீண்டுவிடும். கழுத்தை மட்டும் இறுக்குபவன் அளக்க மறப்பது பெரும்பாலும் அங்கேதான். இத்தனை தடவை அளந்தேன், ஒன்றும் மாறவில்லையே என்ற நினைப்பில் அளவுகோலை மேசையில் வைத்துவிடுவான்.

வெட்டிய பித்தளை எங்கிருந்து வந்தது?

கழுத்திலிருந்து நாங்கள் வெட்டி எறியும் பித்தளை புதிதாக முளைத்ததல்ல. கோதின் வேறொரு இடத்திலிருந்து ஓடி வந்தது. வந்த இடம் மெலிந்துபோயிருக்கும். மிக ஆபத்தான மெலிவு அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். வெளியே ஒரு மினுங்கும் வளையம் தெரியும். உள்ளே ஒரு வளைத்த கம்பியை விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். அந்தக் கோது குப்பைக்குத்தான். இன்னும் ஒரு தடவை சுட்டால் அடி வேறு உடம்பு வேறாகப் பிரியும். அபு கிளியாவில் நடந்த அதே கதை.

இதற்கு மிகப் பெயர்போனது .303 தோட்டா. இந்தியப் படங்களில் பொலிஸ்காரர் தோளில் தொங்கும் ‘த்ரீ நாட் த்ரீ’ இதுதான். அதன் துவக்கு லீ என்பீல்ட். இரண்டு உலகப் போர்களிலும் பிரித்தானியப் பேரரசின் படைகள், இந்தியப் படை உட்பட, இதைத்தான் தூக்கின. வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். கனடாவில் வடதுருவப் பகுதியைக் காக்கும் கனேடிய ரேஞ்சர்கள், அதில் பலர் இனுவிட் மக்கள், 1947இலிருந்து இதையே வைத்திருந்தார்கள். கடும் குளிரிலும் உறையாமல் வேலை செய்யும் என்பதால் 2018 அளவில்தான் புதிய துவக்குக்கு மாறத் தொடங்கினார்கள்.

பதுங்குகுழிச் சேறு பட்ட தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்பதற்காக லீ என்பீல்டின் அறையைத் தாராளமாகக் கடைந்திருந்தார்கள். போருக்கு அது சரி, கோதை யாரும் திரும்பப் பொறுக்கப் போவதில்லை. ஆனால் பிறகு அதே துவக்கை வாங்கிய வேட்டைக்காரன் கோதை நிரப்பத் தொடங்கியபோது சிக்கல் தெரிந்தது. சுடும்போது கோது பெரிய அறை அளவுக்கு விரிகிறது. முழு அச்சு அதைத் திரும்பச் சின்ன அளவுக்கு நசுக்குகிறது. விரிவு, நசுக்கல், விரிவு, நசுக்கல். சில தடவையிலேயே அடி பிரிந்துவிடும். அதனால்தான் .303 வைத்திருப்பவர்களுக்குப் பழைய ஆட்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது, கழுத்தை மட்டும் இறுக்கு என்பது.

குதிரை லாயத்தில் வெடித்த கோதுகள்

கழுத்தைப் பற்றிக் கதைக்கும்போது இந்தியாவில் நடந்த ஒரு புதிரையும் விட முடியாது. பிரித்தானியப் படை மழைக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பது வழக்கம். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் யாரும் சுடாத தோட்டாக்களில் வெடிப்பு. முக்கியமாகக் கழுத்தில், சன்னத்தைக் கவ்விப் பிடிக்கும் இடத்தில்.

யாரும் தொடவில்லை, சுடவில்லை, ஏன் வெடித்தது? 1921இல் மூர், பெக்கின்சேல், மலின்சன் என்ற மூவர் விடை சொன்னார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா ஒரு காரணம். பித்தளையைக் குளிரில் இழுத்துச் செய்யும்போது அதற்குள் அடங்கிக் கிடக்கும் இறுக்கம் மற்றது. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் பெரிதாக ஒன்றும் நடக்காது. சேர்ந்தால் உலோகம் பிளக்கும். தீர்வு, கழுத்தை மட்டும் சூடாக்கி அந்த இறுக்கத்தை இளக்கி விடுவது. இராணுவக் கோதுகளின் கழுத்தில் நீலம் பாய்ந்த மாதிரி ஒரு நிறம் இன்றைக்கும் தெரிவது அந்தச் சூட்டின் தடம். இன்று பாலம், குழாய், அணு உலை என்று எதைக் கட்டும் பொறியியலாளரும் படிக்கும் ஒரு பாடத்தின் பழைய உதாரணம் இந்தியக் குதிரை லாயத்திலிருந்து வந்தது.

கோது சொன்ன சாட்சி

மொன்டானாவுக்குத் திரும்புவோம். ஸ்கொட்டும் பொக்ஸும் கண்டெடுத்த ஒவ்வொரு கோதுக்கும் பக்கத்தில் ஒரு கொடி நட்டு, அது கிடந்த இடத்தைத் துல்லியமாக அளந்து வரைபடத்தில் குறித்தார்கள். பிறகு குற்றவியல் ஆய்வுகூடத்தில் செய்வது போல ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்தார்கள். துவக்கின் ஊசி பிரைமரில் விடும் அடையாளமும், கோதை இழுக்கும் கொளுக்கி விளிம்பில் விடும் கீறலும் துவக்குக்குத் துவக்கு வேறுபடும். ஒரே துவக்கின் கோதுகள் எங்கெங்கே கிடந்தன என்று பார்த்தால், அந்த மனிதன் எங்கே நின்றான், எங்கே ஓடினான், எங்கே கடைசியாகச் சுட்டான் என்று தொடரலாம்.

விடைகள் பல பேரை உலுக்கின. கோது இறுகியதால்தான் தோற்றோம் என்ற பழைய சாட்டு நிற்கவில்லை. நெம்பி எடுத்த கீறல் உள்ள கோதுகள் மிகக் குறைவாகவே இருந்தன. எதிரே நின்றவர்களிடம் அடுத்தடுத்துச் சுடும் ஹென்றி, வின்செஸ்டர் துவக்குகள் இருந்தது தெரிந்தது. கடைசிவரை அணிவகுத்து நின்ற வீரக் கதைக்குக் கோதுகள் கிடந்த விதம் பொருந்தவில்லை, ஒழுங்கு குலைந்து போனதையே அது காட்டுகிறது என்று பொக்ஸ் வாதிட்டார்.

இதையெல்லாம் அன்றைக்கே சொன்னவர்கள் இருந்தார்கள். லகோட்டா மக்களும் ஷையென் மக்களும். உயிரோடு திரும்பியவர்கள் அவர்கள்தானே? ஆனால் அவர்கள் சொன்னது வாய்க்கதை என்றும், முன்னுக்குப் பின் முரண் என்றும், தோற்றவனின் பெருமையைக் கெடுப்பது என்றும் ஒதுக்கப்பட்டது. மண்ணுக்குள் கிடந்த பித்தளையும் செம்பும் அவர்கள் பக்கம் பேசின. 1991இல் அந்த இடத்தின் பெயரிலிருந்து கஸ்டரின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு இந்த இடத்தில் எங்கள் வீடுகள் நினைவுக்கு வராமல் போகாது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சின்ன வயதில் கோது பொறுக்கியவர்கள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் எங்கள் அப்பாவாக, மாமியாக, சித்தியாக இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் வாய்க்கதை என்று ஒதுக்கப்படுகிறது. சில நேரம் நாங்களே ஒதுக்குகிறோம், கேட்டுக் கேட்டு அலுத்துப் போய்.

மொன்டானாவில் கோது சாட்சி சொன்னதற்குக் காரணம், அது விழுந்த இடத்திலேயே கிடந்ததும், கண்டவர்கள் இடத்தை அளந்து எழுதியதும். எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டால் அது வெறும் பித்தளை. திரும்ப நிரப்பிய கோது இன்னும் குழப்பும்: பிரைமர் மாறிவிடும், விளிம்பில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கீறல் ஏறும். பேச்சும் அப்படித்தான். சொன்னவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, அவர் எங்கே நின்று பார்த்தார் என்பது இல்லாமல் பத்துப் பேர் வாயில் சுற்றினால் சாட்சியம் தேய்ந்துவிடும்.

ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று: அங்கே நிலத்தில் உலோகமாக எதைக் கண்டாலும் தொட வேண்டாம், வெடிக்காமல் கிடப்பவை இன்னும் இருக்கின்றன. உங்களிடம் இருக்கிற கருவி வேறு. இந்த வார இறுதியில் வீட்டில் ஒரு பெரியவரை இருத்தி, போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, இடமும் ஆண்டும் கேட்டு எழுதுங்கள். அவர் ஒரு திகதியில் தடுமாறினால் திருத்தப் போகாமல், தடுமாறியதையும் சேர்த்து எழுதுங்கள்.